பால் நேரத் தண்ணீர்

செலினாவுக்குக் கோபம் வருகிறது என்றால் முதல் காரியமாக முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்ததும் நழுவிவிடுவார்கள். விவரம் தெரியாத கங்காணிகளும், புதிதாக வந்த சின்னத் துரைமாரும், ஒரு முறை வேதக்கோயிலுக்கு மாற்றலாகி வந்த சுவாமியாரும் நின்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பலாங்கொடையிலிருந்து மலை ஏறும் பஸ்ஸின் கடைசித் தரிப்பில் இறங்கி, பெரிய பீலித் தோட்டத்தில் யாரை விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள். நல்ல மனுசிதான், ஆனால் வாயைக் கொடுத்துவிட்டு மீள முடியாது. அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் தங்கள் பிள்ளைகளின் வாய் வெந்து போயிருக்கும் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அவள் பார்ப்பது பிள்ளைக்காம்பரா வேலை. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. இப்போது அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, சுவரில் யானையும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்திருக்கிறார்கள். லயம் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் சனங்களுக்கு இன்னும் பிள்ளைக்காம்பராதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு முன்னால் தூக்கம் கலையாத பிள்ளைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். மத்தியானம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும் பால் கொடுக்க மூச்சிரைக்க ஓடி வருவார்கள். அதற்குப் பால் நேரம் என்று பெயர். மணி அடித்துச் சொல்லத் தேவையில்லை. தொட்டிலில் ஒன்று ஆரம்பித்தால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும்.

பால் நேரத்துக்குச் செலினாவிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. வாசல் குழாயில் கையும் கழுத்தும் மார்பும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எந்தத் தாயும் பிள்ளையைத் தொடக் கூடாது. பிள்ளை கத்தட்டும், தாய் அழட்டும், கங்காணி கீழே நின்று கூப்பாடு போடட்டும். கழுவிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சில நேரம் மோந்தும் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கொடுப்பாள்.

இந்தச் சட்டம் யாரும் படித்துக் கொடுத்து வந்ததல்ல. அவள் கலியாணம் கட்டிய புதிதில் தோட்டத்தில் கொழுந்து குறைந்த ஒரு வெயில் காலம். கொழுந்து இல்லையென்றால் பெண்களைச் சும்மா உட்கார வைக்குமா கம்பனி? புல்லுக்கு அடிக்கும் மருந்துக்குத் தண்ணீர் சுமக்கவும் கலக்கவும் அனுப்பிவிடும். அப்போது பிள்ளைக்காம்பராவில் குழாய் கிடையாது. கலக்கிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஓடிவந்து மகள் ஸ்டெபானிக்குப் பால் கொடுத்தாள். மறுநாள் பிள்ளையின் உதடும் நாக்கும் கொப்பளித்துப்போய், பாலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. டிஸ்பென்சரியில் ஊதா மருந்தைத் தடவி, சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு இடுப்பில் செருகிய முந்தானைதான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். விரட்டினார்கள், மறுபடி போனாள். அப்போதிருந்த துரை தொல்லை விட்டால் போதும் என்று மலை உச்சித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் இழுத்துக் கொடுத்தார். அப்படி நியாயம் பேசுகிறவளே பிள்ளைகளைப் பார்க்கட்டும் என்று வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள். ஸ்டெபானி வளர்ந்து இப்போது கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். தாய் வாயில் பாதி அவளுக்கும் இருக்கிறது.

அந்தக் குழாய் செலினாவின் சொத்து என்று சொன்னால் தப்பில்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் அவளுக்குச் சொந்தமில்லை, முற்றத்து மண்ணும் சொந்தமில்லை. வாய்ச்சண்டை போட்டு வாங்கிய அந்த ஒரு குழாய்தான் அவளுடையது. அதில்தான் கை வைத்தார்கள்.

சோலர் வந்தது ஒரு மழைக் காலத்துக் கடைசியில். கரண்ட் பில் கழுத்தை நெரிக்கிறது என்று கம்பனி ஸ்டோர் கூரை முழுக்கக் கறுப்புக் கண்ணாடிப் பலகைகளை அடுக்கியது. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். பலகைகளைப் பூட்ட வந்த என்ஜினியர் ஹிஷாம் மாவனல்லைக்காரர். தமிழ் பேசுகிற ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கூரையில் ஏறி வேலை செய்வதைப் பார்த்துப் பெண்கள் சிநேகமாகிவிட்டார்கள். செலினாவும் ஒரு நாள் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, கூரை உச்சியில் எதற்கு ஓட்டைக் குழாய் ஓடுகிறது என்று கேட்டாள்.

"இதுக்கு வெளிச்சம்தான் வேணும் அக்கா, சூடு கூடாது. உச்சி வெயில்ல கண்ணாடி கொதிச்சுப் போனா கரண்ட் கொறஞ்சுடும். மேலேருந்து தண்ணிய மெல்லிசா வழிய விட்டா குளிர்ந்து போகும், கரண்டும் கூடும். ஒங்கட ஸ்டோர் அடுப்புக் கரியும் கழுவுப்பட்டுப் போகும்."

"நம்மளுக்கு வேர்த்தா மாரி அதுக்கும் வேர்க்குது, அதானே?"

"அதேதான்," என்று ஹிஷாம் சிரித்தார்.

தண்ணீர் போதுமா என்று அவர் துரையிடமும் கேட்டிருக்கிறார். கேட்டது மழைக் காலத்தில். தாங்கியை நிரப்பும் மலை ஊற்றான பெரிய பீலியில் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. துரை அதைக் கையால் காட்டி, எங்களுக்கா தண்ணீருக்குப் பஞ்சம் என்று கேட்டார். லயத்துப் பக்கம் வந்து, மாசி மாதத்தில் இந்தப் பீலி எப்படி இருக்கும் என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்!

திறப்பு விழாவன்று கூரை உச்சியிலிருந்து தண்ணீர் மினுங்கிக்கொண்டு வழிந்தது. வெயிலில் ஸ்டோருக்கு மட்டும் மழை பெய்வதுபோல இருந்தது. பெண்கள் கைதட்டினார்கள். செலினாவும் இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நன்றாகவே தட்டினாள்.

மாசி பிறந்தது. வெயில் ஏறியது, கொழுந்து சுருங்கியது, பெண்களை மருந்து கலக்க அனுப்பினார்கள். பீலி நூலாக இறங்கியது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் காலம் அது. கண்ணாடிக்கும் அப்போதுதான் தாகம் கூடும்.

ஒரு நாள் பால் நேரத்தில் வாசல் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. இலை அடைத்திருக்கும் என்று நினைத்தாள் செலினா. குடிக்கக் கொதிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துத் தாய்மாரின் கையில் ஊற்றினாள். மறுநாளும் இல்லை. பீப்பாயில் பிடித்து வைக்கலாம் என்றால் டெங்குக்காரர்கள் வந்து கவிழ்த்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. தவழ்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்தில் திறந்த தண்ணீர் வைக்க அவளுக்கும் பயம். வாசலில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். கீழே ஸ்டோர் கூரையில் தண்ணீர் ஜொலித்துக்கொண்டு வழிந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதைவிட மோசமான இன்னொன்றும் விளங்கியது. மலைத் தாங்கியிலிருந்து லயத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் தண்ணீர் விடும் வால்வைத் திறப்பதும் மூடுவதும் தோட்டத்தில் ஒரே ஆளுடைய வேலை. அந்த ஆள் யேசுதாசன், அவளுடைய புருசன்.

யேசுதாசன் அதிகம் பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவதால் அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் வாசற்படியில் உட்கார்ந்து அட்டை கடிக்காமலிருக்கத் தடவிய சவர்க்காரத்தைக் காலிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார்.

"லயத்து வால்வ மூடுறீங்களா?" என்றாள் செலினா.

அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறது காதுல விழுதா? மூடுறீங்களா இல்லையா?"

"தொரை சொன்னாரு. வெயில் உச்சிக்கு வாற நேரம் மட்டும். ரெண்டுக்கும் போதாது, செலினா. இங்க தொறந்தா அங்க ஏறாது."

"அந்த நேரம்தான் பால் நேரம்னு உங்களுக்குத் தெரியாதா? ஸ்டெபானி வாயி வெந்து கெடந்தப்ப பக்கத்துல நின்னு அழுதீங்களே, அது நீங்கதானே? நாக்குல ஒரு சொல்லு வரல்லையா தொரைகிட்டச் சொல்ல?"

"சொன்னா யாரு கேக்குறா?"

"நான் சொன்னப்ப கேட்டாங்க. கேக்குற வரைக்கும் சொன்னேன்."

அவர் மறுபடி தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினார். அந்த மௌனம்தான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. துரை எதிரில் நின்றால் ஏசலாம். சொந்தப் புருசன் தலையைக் குனிந்துகொண்டு காலைக் கழுவிக்கொண்டிருந்தால் யாரைப் போய் ஏசுவது? அன்றிலிருந்து சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குடிக்கிற தண்ணீரை ஊற்றிச் சமாளித்தது இரண்டொரு நாளைக்குத்தான். பிள்ளைகளுக்குக் குடிக்கவே இல்லாமல் போன ஒரு மத்தியானம் தர்மிளா வந்தாள். தலைப்பிள்ளைக்காரி, கொஞ்ச வயது. காலையிலிருந்து மருந்து கலக்கிய கை. கிட்ட வரும்போதே நெடி அடித்தது. உள்ளே அவளுடைய பிள்ளை தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தது.

"குடுங்க அக்கா."

"கழுவிட்டு வா."

"எங்க கழுவ? கொழாயில காத்துக்கூட வரல்ல."

"அப்ப பிரட்டுக்களத்துக்குப் போயி கங்காணிகிட்டத் தண்ணி கேளு. இந்தக் கையோட தர மாட்டேன்."

"நான் பெத்த புள்ளைய எனக்குத் தரமாட்டேன்னு சொல்ல நீங்க யாரு?" தர்மிளா அழுதுகொண்டே அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்தாள். மற்றத் தாய்மாரும் அவள் பக்கம்தான் நின்றார்கள். இந்தக் காம்பரா அக்காவுக்குத் தலைக்கனம், தன் பிள்ளை பெரிதாகிவிட்டது, பசியின் அருமை தெரியவில்லை என்றார்கள். ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். செலினா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையாலாகாத கோபம் ஒன்று உண்டு. கத்தினால் தீராது. அதுதான் அவளுக்கு வந்தது.

பின்னேரம் தர்மிளாவின் பிள்ளை வாந்தியெடுக்கத் தொடங்கியது. எடுத்து எடுத்துக் கடைசியில் வாந்திகூட வராமல் துவண்டுவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றிப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். செலினாவும் கூடப் போனாள். சேலைன் ஏற்றிப் பிழைக்க வைத்துவிட்டார்கள். மருந்தா, வெயிலா, வேறெதுவுமா என்று டாக்டர் திட்டமாகச் சொல்லவில்லை. தர்மிளா கட்டிலடியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செலினா அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏச வேண்டிய ஆள் அவள் இல்லை.

மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போனாள். துரை நல்ல மாதிரி, சிரித்த முகம். கத்துகிற துரைகளைவிடச் சிரிக்கிற துரைகளைக் கண்டால்தான் செலினாவுக்கு ஆகாது. அவள் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு அது தமிழைப்போலவே ஓடும், ஏசுவதற்கும் வசதி. துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டிக்கக் இவசன்ன செலினா," என்றார். கொஞ்சம் பொறுத்துக்கொள், மழை வரட்டும். அதுவரைக்கும் தாய்மார் வெயில் தாழ்ந்து வந்து பால் கொடுக்கட்டுமே, கங்காணியிடம் சொல்லி நேரத்தை மாற்றிவிடலாம் என்றார்.

"பிள்ளையின் வயிற்றையும் மாற்றச் சொல்லி கங்காணியிடமே சொல்லிவிடுங்கள்," என்று சொல்லிவிட்டு வந்தாள். யூனியன் தலைவரிடம் போனாள். அடுத்த கூட்டத்தில் பேசுவதாக அவர் சொன்னார். அடுத்த கூட்டம் எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

அன்று மத்தியானம் தாய்மார் வந்தபோது செலினா பிள்ளைகளைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டாள். மற்றவற்றை வேலை இல்லாமல் நின்ற பிள்ளைத்தாய்ச்சிகளிடம் கொடுத்திருந்தாள்.

"வாங்க போறோம்," என்றாள்.

"எங்க அக்கா?"

"தண்ணி எங்க இருக்கோ அங்க."

முதல் நாள் அவளோடு சண்டை பிடித்தவர்கள்தான். தர்மிளாவின் பிள்ளையை நினைத்தோ என்னவோ ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்டோர் முற்றத்துக்கு இறங்கினார்கள். கூரை ஓரத்துத் தகர வாய்க்காலிலிருந்து, கண்ணாடியைக் குளிர வைத்த தண்ணீர் கனமாக வடிகானுக்குள் விழுந்துகொண்டிருந்தது. விழுந்து, ஓடி, பள்ளத்தில் வீணாகிப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் அதன் கீழே போய் நின்று கையைத் தேய்த்தார்கள், கழுத்தைக் கழுவினார்கள். சட்டையைத் தளர்த்தி மார்பைக் கழுவினார்கள். ஸ்டோர் கிளாக்கரும் ஆம்பிளையாட்களும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளே ஓடினார்கள். கழுவி முடித்தவர்கள் அங்கேயே, அந்த ஈர முற்றத்திலேயே வரிசையாக உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். பிள்ளைகள் பால் இழுக்கும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும்தான்.

பலகைகளைப் பார்க்க வந்திருந்த ஹிஷாம் கூரையிலிருந்து இறங்கியவர் ஏணியடியிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது?"

"பால் நேரம்," என்றாள் செலினா. "ஒங்க கண்ணாடிக்குக் குடுக்குறது எங்க கொழாய்த் தண்ணி. அதான் நாங்க இங்கயே வந்துட்டோம்."

அவருக்கு முகம் செத்துப்போனது; அல்லா மேல் ஆணையிட்டுச் சொன்னார். "வல்லாஹி எனக்குத் தெரியா அக்கா. ஸ்டோருக்குத் தனித் தண்ணி ஈக்கிது எண்டுதான் சொன்னாங்க."

"கேட்டிருக்கலாமே. நான் ஒங்களுக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தேன். என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

அவர் ஒளித்துக்கொண்டு போகவில்லை. நேரே ஆபீசுக்குப் போய், அடியில் ஒரு தொட்டி கட்டினால் வழிகிற தண்ணீரையே ஆறவைத்துத் திருப்பி மேலே ஏற்றலாம், பீலியைத் தொடவே தேவையில்லை என்று துரையிடம் சொன்னார். இந்த வருசக் கணக்கில் அதற்கு இடமில்லை என்றார் துரை. ஆனால் பெண்கள் கழுவியதைக் கேள்விப்பட்டதும் அவருக்கு வேறு யோசனை வந்தது. சிரிக்கிற துரைமாருக்கு யோசனைகளும் சிரித்துக்கொண்டேதான் வரும். வழிகிற தண்ணீரைப் பம்பும் குழாயும் வைத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஏற்றிவிட்டால் என்ன? வெயிலில் சூடான தண்ணீர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுடுதண்ணீர்! கொழும்பிலிருந்து ஆட்களைக் கூப்பிடலாம், படம் எடுக்கலாம். காக்கை எச்சமும் கரியும் கலந்த தண்ணீர், கைப்பிள்ளைகளுக்குச் சரிவராது என்று ஹிஷாம் சொல்லிப் பார்த்தார். வடிகட்டி வைத்தால் போயிற்று என்றார்கள்.

பிள்ளைக்காம்பராவின் பக்கச் சுவரில் வெள்ளை டைல்ஸ் பதித்துப் பளபளவென்று ஒரு குழாய் பூட்டினார்கள். மேலே நீல நிறப் பலகையில் மூன்று பாசையில் எழுதினார்கள்: சூரியன் தந்த சுடுநீர். வாசலில் இருந்த பழைய குழாய் பால் நேரத்தில் மூடியேதான் கிடந்தது.

செலினா கொதித்தாள். "கண்ணாடிய குளிப்பாட்டிட்டு மிச்சத்த எங்க புள்ளைங்களுக்கு ஊத்துவாங்களாம். அதுக்கு நாங்க சிரிச்சுக்கிட்டு நிக்கணுமாம்." லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அவளைச் சுட்டது துரையின் யோசனைகூட இல்லை. வடிகட்டியைச் சரிபார்க்கத் திறந்துவிட்டபோது கையைக் காட்டிப் பார்த்த இரண்டு மூன்று பெண்கள், "வெதுவெதுன்னு சொகமா இருக்கு அக்கா, இருந்துட்டுப் போகட்டுமே," என்றார்கள். பிறந்ததிலிருந்து குழாயில் சூடாக ஒரு சொட்டுப் பார்க்காதவர்கள். அவர்களை என்னவென்று ஏசுவது? எச்சில் தட்டைக் கழுவிக் கொடுத்தால்கூட மகாராசன் என்று கும்பிடும் அளவுக்கு நம்மை வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அன்று சோறு போடும்போது, திரும்பி நின்றபடியே, அடுப்பிடம் சொல்வதுபோல இதை எல்லாம் சொன்னாள். யேசுதாசன் கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

விழாவை மத்தியானத்தில் வைத்தார்கள். வெயில் இருந்தால்தானே தண்ணீர் சுடும். கொழும்பிலிருந்து காரில் வந்தவர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாய்மாருக்கு மலையிலிருந்து நேரத்தோடு இறங்கும்படி உத்தரவு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தேறியிருந்த தர்மிளாவின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நிற்கச் சொல்லி செலினாவை நிறுத்தியிருந்தார்கள். படத்துக்குப் பிள்ளை வேண்டுமாம். அந்தப் பிள்ளைதான் கிடைத்ததா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் நடுவில் போட்டு உடைத்தால் பிள்ளைக்காம்பராவிலிருந்து தூக்கிவிடுவார்கள், பிறகு கழுவச் சொல்லிக் கேட்கக்கூட நாதியிருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

துரை பேசினார். கொழும்பு வீடுகளில்கூட இல்லாத வசதி என்றார். வந்தவர்களில் பெரியவர் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை. இன்னும் திருகினார். துரை சிரித்துக்கொண்டே தானும் திருகிப் பார்த்தார். டைல்ஸில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கீழே ஸ்டோரைப் பார்த்தார்கள். கூரை காய்ந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடிகள் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தன.

தர்மிளா மலையிலிருந்து வந்த கையோடு, அந்தக் கூட்டத்தைக் கவனிக்காமல், பழக்கத்தில் வாசல் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பாய்ந்து வந்தது. பீலித் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர்.

மேலே தாங்கிப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் யேசுதாசன் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. வந்து துரைக்கு முன்னால் நின்று தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

லயத்து வால்வை ஏன் மூடவில்லை என்று துரை கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூடல்லீங்க."

மறந்துவிட்டாயா என்று கேட்டார்.

"இல்லீங்க. மறக்கல்ல."

இப்போதே ஓடிப்போய் மூடு, விருந்தாளிகள் நிற்கிறார்கள் என்றார் துரை. யேசுதாசன் குழாயடியைத் திரும்பிப் பார்த்தார். தர்மிளா முழங்கைவரை நுரை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து வரிசையில் சேர்ந்தார்கள். வெதுவெதுவென்று சுகமாக இருக்கிறது என்று சொன்னவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"பால் நேரம் முடியட்டுங்க சார்," என்றார். "அப்புறம் மூடுறேன்."

செலினாவுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. இத்தனை நாளாக வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்த மனுசன், இதைச் செய்யப் போகிறேன் என்று கட்டின பெண்டாட்டியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள். போகும்போது அந்தப் பெரியவர் ஹிஷாமைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டாராம். மழைக்கு முன்னாலேயே ஸ்டோருக்குக் கீழே தொட்டி எழும்பியது. இடமில்லை என்ற வருசத்திலேயே இடம் வந்துவிட்டது. இப்போது கண்ணாடியில் வழிகிற தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் விழுந்து ஆறி, திரும்ப மேலே ஏறுகிறது. குறைகிறதை நிரப்ப மட்டும் பொழுது சாய்ந்த பிறகு பீலியில் எடுக்கிறார்கள். வெள்ளை டைல்ஸ் குழாயில் விழா நாளிலிருந்து இன்று வரைக்கும் தண்ணீர் வந்ததில்லை.

ஆனால் கம்பனி தண்ணீரைத் திருப்பித் தந்ததே தவிர, தரவைத்த ஆளை மன்னிக்கவில்லை. தண்ணிக்காரர் வேலையை யேசுதாசனிடமிருந்து எடுத்துவிட்டு மருந்தடிக்கும் கேங்கில் போட்டார்கள். இந்த வயதில் முதுகில் டேங்கியைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்குகிறார். மத்தியானம் டேங்கியை இறக்கி வைத்துவிட்டு, கை கழுவ அவரும் பிள்ளைக்காம்பரா வாசலுக்குத்தான் வருகிறார். கிட்ட வரும்போதே நெடி அடிக்கும்.

"தள்ளி நில்லுங்க," என்பாள் செலினா. "மொதல்ல தாய்மாரு."

அவர் தள்ளி நிற்பார். கடைசித் தாயும் கழுவி உள்ளே போன பிறகு, அவளே அவருடைய கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் வைத்து, சவர்க்காரம் போட்டு நகக்கண்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கழுவி முடிக்கும்வரை துரையை ஏசிக்கொண்டே இருப்பாள்.